மேடை வேற, வீடு வேற

ஒலிபெருக்கியை வாடகைக்கு விடுகிறவன் வாயையும் சேர்த்து வாடகைக்கு விடக் கூடாது. இந்த ஞானம் எனக்கு நேற்று சாயங்காலம் செம்மண்டலம் தெருமுனையில், முழுக் கூட்டமும் கை தட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. வந்து என்ன பிரயோஜனம்? வார்த்தை அதற்கு முன்பே ஒலிபெருக்கிக் குழாயைத் தாண்டிப் போய்விட்டது.

அந்தக் குழாய்களைக் கட்டியதும் நான்தான். மூன்று குழாய்க்குக் கம்பம் கிடைத்தது. நான்காவதற்கு இடமில்லாமல், என் அக்கா வீட்டுக்கு எதிரே இருந்த விளக்குக் கம்பத்தில் ஏறிக் கட்டினேன். அதன் வாய் நேராக அவள் வாசலைப் பார்த்தது. கீழே இறங்கியதும் அக்கா டீ கொடுத்தாள்.

"ரொம்பக் கத்தாதடா சடையா. தொண்டை கட்டிக்கும்" என்றாள்.

எதிர்க்கட்சி வேட்பாளர் என் தொண்டைக்காகக் கவலைப்பட்டார். அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்று சொல்வதற்கு முன், பல் டாக்டரிடம் காத்திருக்கும் நேரத்தில் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக நாலு வரி.

இது 2011 உள்ளாட்சித் தேர்தல். எங்கள் வார்டு இந்த முறை பெண்கள் வார்டாகிவிட்டது. நிற்பதற்காக வெள்ளை வேட்டி வாங்கி வைத்திருந்த நான், என் மனைவி ரேகாவை நிறுத்தினேன். எதிர்க்கட்சியில் நிற்பதற்காக வெள்ளை வேட்டி வாங்கி வைத்திருந்த கதிர்வேல் மாமா, தன் மனைவியை நிறுத்தினார். அவர் மனைவி லோகநாயகி என் கூடப் பிறந்த அக்கா. ஆக, நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் எதிரெதிரே நின்றார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் வேட்டி மிஞ்சியது.

மனுத்தாக்கல் செய்த அன்று இரண்டு பெண்களும் நகராட்சியிலிருந்து ஒரே ஆட்டோவில் திரும்பினார்கள். வரும் வழியிலேயே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். தெரு விஷயம் பேசலாம், வீட்டு விஷயம் பேசக் கூடாது. அதன்படியே பேசினார்கள். ரோட்டோரத்தில் மீன் விற்கும் குப்புவையும் மற்ற பெண்களையும் பின்தெருவில் ஷெட் கட்டி உட்கார வைக்க வேண்டும் என்றாள் ரேகா. இருக்கும் இடத்திலேயே கூரையும் தண்ணீரும் கொடுத்தால் போதும் என்றாள் அக்கா. இதற்காக இருவரும் குப்புவின் கூடைக்கு முன்னால் நின்று சண்டை போட்டார்கள். நல்ல சண்டை. ஜனங்கள் நின்று கேட்டார்கள். 'ரெண்டு பக்கமும் ஞாயம் இருக்குது' என்று பேச ஆரம்பித்தார்கள்.

எங்கள் கட்சிக்கு அது பிடிக்கவில்லை. ஜனங்கள் யோசிக்க ஆரம்பித்தால் மைக் செட் எதற்கு?

நேற்று நான் பேசியது இதுதான். எழுதவே கை கூசுகிறது.

"எதிர்த்து நிக்கிற அம்மா வார்டைக் காப்பாத்துவாங்களாம். கட்டின புருசன் வீட்லயே காலூன்றி நிக்கத் தெரியாம, மூட்ட முடிச்சத் தூக்கிக்கிட்டு ஆறேழு மாசம் அம்மா வீட்ல வந்து உக்காந்தவங்க. நாளைக்கு வார்டுல ஒரு பிரச்சினைன்னா எங்க ஓடுவாங்க? மறுபடியும் அம்மா வீட்டுக்கா?"

கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. மேடையில் உட்கார்ந்திருந்த ரேகா எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். வேட்பாளரே இறங்கிப் போன கூட்டத்தில் நான் இன்னும் கால் மணி நேரம் பேசினேன். பழக்கதோஷம்.

*

காலையில் எனக்கு இட்லி வைக்கப்பட்டது. வைத்தவள் பேசவில்லை. சட்னி கேட்டேன். சட்னி வந்தது. பேச்சு வரவில்லை.

"ரேகா, மேடையில ஆயிரம் பேசுவோம்" என்று ஆரம்பித்தேன்.

அவள் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் பேச என்னிடம் மைக் இல்லை.

போன் அடித்தது. எங்கள் வட்டச் செயலாளர் பொன்னுரங்கம்.

"சடை, அடிச்சுத் தூக்கிட்டப்பா. காலைல வாக்கிங் போனா அதே பேச்சுதான். நாளைக்குப் பக்கத்துத் தெருவுல கூட்டம் போடறோம். அதையே இன்னும் கொஞ்சம் விரிச்சுப் போடு."

"அது எங்க அக்காங்க."

"அதான்யா பலமே. அடுத்தவன் சொன்னா அவதூறு. தம்பி சொன்னா சாட்சி."

போனை வைத்தேன். முப்பது வருஷமாக மேடையில் நிற்கிறேன். என்னைச் சாட்சி என்று யாரும் சொன்னதில்லை. கோமாளி என்பார்கள். அது கௌரவமாகவே இருந்தது.

*

திருப்பாதிரிப்புலியூரில் என் மைக் செட் கடைக்கு எதிரே டீக்கடை. அங்கே கதிர்வேல் மாமா உட்கார்ந்திருந்தார். அடிக்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளும் மனநிலையில்தான் போனேன்.

"வா மச்சான். ஏன் மூஞ்சி தொங்கிக் கெடக்குது? மாஸ்டர், இன்னொரு டீ."

"மாமா, நேத்து நான் பேசினது..."

"அட விடுய்யா. மேடை வேற, வீடு வேற. எங்காளுங்களே நாலு பேரு கை தட்டினானுங்க."

"அக்கா?"

"அவ காலைலயே சிதம்பரம் போயிட்டா, சுவாதி ரூமுக்கு. இனிமே ஓட்டுக் கேட்டு வர மாட்டாளாம். வரலன்னா போவட்டும். போஸ்டர்ல மூஞ்சி இருக்குது, கூட நான் இருக்கேன். வேற என்ன வேணும்?"

அவருக்குக் கோபமே வரவில்லை. டீயை ஆற்றிக்கொண்டிருந்தபோது எனக்குக் காரணம் புரிந்தது. அக்கா மூட்டை முடிச்சோடு வந்ததை மட்டும்தான் நான் சொன்னேன். எதற்காக வந்தாள் என்பதைச் சொல்லவில்லை. அந்த நாட்களில் மாமா கை நீட்டுவார். அக்காவின் இடது கன்னம் வீங்கியிருந்தது. அதெல்லாம் என் பேச்சில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், நான் ஓசியில் அவருக்குப் பிரச்சாரம் செய்திருக்கிறேன்.

"இன்னைக்கு ஆறு மணிக்கு எங்க கூட்டம். உன் மைக்குதான்" என்றார் மாமா. பிறகு என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "பதிலுக்கு நான் ஒண்ணு போடணும் மச்சான். போடலன்னா கட்சியில என்னை மதிக்க மாட்டானுங்க. உன்கிட்ட முன்னாடியே சொல்லிடறேன். அப்பறம் மனசுல வச்சிக்கக் கூடாது பாரு."

"என்ன?"

"பெத்து வளத்தவளுக்குத்தான் பால்வாடி அருமை தெரியும்னு ஆரம்பிக்கறேன். அப்பறம் அப்படியே ரேகா பக்கம் வரேன். தொட்டில் கட்டாத வீட்லருந்து வந்தவங்களுக்கு ஊர்ப் புள்ளைங்க கஷ்டம் எப்படித் தெரியும்னு... நல்லா இருக்குதா?"

என்னிடம் அபிப்பிராயம் கேட்டார். தொழில் தெரிந்தவன் அல்லவா நான்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருஷம். குழந்தை இல்லை. ரேகா ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. இதைப் பற்றி எங்கள் வீட்டிலேயே நாங்கள் பேசுவதில்லை.

என் கையிலிருந்த டீ மாமாவின் வெள்ளை வேட்டியில் கொட்டியது. தவறிக் கொட்டியது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. நான்தான் ஊற்றினேன்.

"ஏய், என்னய்யா பண்ற?"

"தங்கச்சி தங்கச்சின்னு வாய் நெறையக் கூப்புடுவீங்களே அவள."

மாமா வேட்டியை உதறினார். நிதானமாக என்னைப் பார்த்தார்.

"நீ லோகாவ அக்கான்னு கூப்புடறதில்லியா?"

டீக்கடையில் நாலு பேர் இருந்தார்கள். காலி கிளாஸைப் பெஞ்சில் வைத்தேன்.

"இன்னைக்கு மைக் கெடயாது" என்று மட்டும் சொன்னேன்.

"எல்லாக் கட்சிக்கும் குடுக்கறதுதான உன் பெரும. குடுக்கலன்னா வேற எடத்துல எடுத்துக்கறேன். பேச்சு பேச்சுதான்."

வயதில் பெரியவர், அக்கா புருஷன். ஆனாலும் அந்த நிமிஷம் அவர் சட்டையைப் பிடிக்கக் கை பரபரத்தது. பிடித்திருப்பேன். ஆனால் என் சட்டையை யார் பிடிப்பது?

*

அக்காவைப் பார்க்கப் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினால், முன்னால் பெண்கள் சீட்டில் ரேகா உட்கார்ந்திருந்தாள். எனக்கு முன்னாலேயே கிளம்பியிருக்கிறாள். பக்கத்து இடம் காலியாக இருந்தது. அங்கே பையை வைத்தாள்.

நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். சிப்காட் ரசாயனத் தொழிற்சாலைகள் வந்தன. மொத்த பஸ்ஸும் துண்டையும் முந்தானையையும் எடுத்து மூக்கைப் பொத்தியது. அந்த ஓர் இடத்தில்தான் எங்கள் ஜில்லாவில் கட்சி வித்தியாசம் கிடையாது.

நாற்றம் போனதும் எனக்கு முன் சீட்டில் இருந்தவர் துண்டை எடுத்துவிட்டுத் திரும்பினார்.

"நீங்க மைக் செட் சடையப்பன்தான? நேத்து நான் கூட்டத்துல இருந்தேன். அந்த அம்மா வீட்டு மேட்டர் இருக்குதே, சிரிச்சி சிரிச்சி புரை ஏறிடுச்சி. ஏன் சார் அந்தம்மா ஓடி வந்துச்சி? வேற ஏதாவது...?"

'வேற ஏதாவது' என்ற இடத்தில் கண்ணைச் சிமிட்டினார். பதறிப்போனேன். நான் சொன்னது ஒரு மூட்டை. இவர் அதற்குள் என்னென்னவோ திணித்துவிட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் முன்னாலிருந்து ரேகா எழுந்து, கம்பியைப் பிடித்தபடி வந்து நின்றாள்.

"அந்தம்மாவுக்கு அப்ப சோறு போட்டவ நான்தாங்க. என்ன தெரியணும் உங்களுக்கு? என்னைக் கேளுங்க."

"இல்லம்மா, சும்மா..."

"சும்மான்னா என்ன? உங்க வீட்ல பொண்ணு இருக்குதா?"

"ரெண்டு பொண்ணும்மா."

"கட்டிக் குடுத்த எடத்துல அடி தாங்காம ஒரு நாளைக்கு உங்க வீட்டுக்கு வருதுன்னு வையுங்க. கதவைத் தொறப்பீங்களா, இல்ல ஊரைக் கூட்டிச் சிரிப்பீங்களா?"

கண்டக்டர் விசில்கூட ஊதவில்லை. துண்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரேகா அவரைப் பார்த்தது போதும் என்று என்னைப் பார்த்தாள். காலையிலிருந்து அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

"அவர் வேடிக்கை பாக்க வந்த ஜனம். சிரிக்கத்தான் செய்யும். சிரிக்கக் கத்துக் குடுத்தது யாரு?"

போய் உட்கார்ந்துகொண்டாள். பையை மட்டும் எடுக்கவில்லை.

*

சுவாதி, அக்காவின் ஒரே பெண். சிதம்பரத்தில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். கீழ வீதியிலிருந்து பிரியும் சந்தில் ஒரு மாடி அறையில் தோழிகளோடு இருக்கிறாள். நாங்கள் படியேறியபோது அவளே வாசலில் நின்றாள்.

"வாங்க அத்தை" என்று ரேகாவை உள்ளே விட்டாள். என்னிடம், "மாமா, நீங்க இங்கயே நில்லுங்க" என்றாள்.

"சுவாதிக்கண்ணு..."

"எங்க கிளாஸ்ல ஒருத்தன் கடலூர்க்காரன். உங்க பேச்சப் போன்ல பிடிச்சி வச்சிருந்தான். காலைல போட்டான். என் அம்மான்னு அவனுக்குத் தெரியாது. சுத்தி நின்னு எல்லாம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன் மாமா. சிரிக்கலன்னா கண்டுபிடிச்சிடுவாங்கன்னு."

அவள் வாசலை மறித்தபடியே நின்றாள்.

"எனக்கு அப்ப பதினோரு வயசு. ஆட்டோலருந்து எறங்கினப்ப அம்மா கையிலருந்து பைய வாங்கினது நீங்கதான். எத்தன நாள் வேணாலும் இரு அக்கான்னு சொன்னீங்க. அடிச்சவரை விட்டுட்டு, அடி வாங்கினவங்களச் சொல்லியிருக்கீங்க. உங்களுக்கு எங்க அப்பாமேல அவ்ளோ மரியாதையா?"

என் மரியாதையெல்லாம் கை தட்டுகிறவர்கள்மேல்தான் என்று எப்படிச் சொல்வது?

அவள் உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. நான் வாசற்படியில் நின்றேன். உள்ளே அக்கா சுவாதியின் துணியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ரேகா பாயில் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க வரலன்னா நான் ஜெயிச்சிடுவேன் அண்ணி" என்றாள் ரேகா.

"ஜெயிச்சிக்கோயேன்."

"இப்படி ஜெயிக்கறது எனக்கு வேணாம். நீங்க சொல்றது தப்புன்னு சொல்லி ஜெயிக்கணும். தப்புதான் அது. மழை வந்தா சாக்கடைத் தண்ணி அந்தப் பொம்பளைங்க கூடைக்கு அடியில ஓடுது. அங்கயே கூரை போடணும்னு நிக்கறீங்க."

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"பின்தெருவுக்கு எவ வந்து மீன் வாங்குவா? ஆபீஸ் போறவ பஸ்ஸ விட்டு எறங்கினா கண்ணுல படணும். ஷெட்டக் கட்டிப் போட்டா குப்பு அங்க ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருப்பா. உனக்கு ரோடு அழகா இருக்கணும், அவ்ளோதான்."

"எனக்கு அழகு முக்கியம்னு எப்ப சொன்னேன்? ஜுரம் வருதுன்னுதான் சொன்னேன்."

"சாக்கடைய மூடு. ஆளை ஏன் தூக்கற?"

"மூட எத்தன வருசம் ஆவும்?"

"கேக்கற விதத்துல கேட்டா சீக்கிரம் ஆவும்."

இரண்டு பேருடைய குரலும் ஏறியிருந்தது. ஆனால் ஒருத்தி பேசி முடிக்கும்வரை இன்னொருத்தி காத்திருந்தாள். இத்தனை வருஷம் மைக் கட்டிய நான் எந்த மேடையிலும் அதைப் பார்த்ததில்லை. இதை நாலு தெருவுக்குக் கேட்க வைத்திருந்தால் போதும். நான் கேட்க வைத்தது வேறு.

"அக்கா" என்றேன்.

அக்கா மறுபடி இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள்.

"சாப்ட்டியாடா?" என்றாள் அக்கா. துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்மேல கோவமா?"

"கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. சுவாதி, மாமாவுக்குத் தண்ணி குடு."

தண்ணீர் வந்தது. செம்பைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள் சுவாதி. அக்கா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுப்பது போல் கொடுத்ததைத் தாங்க முடியவில்லை.

"இன்னொண்ணு இருக்குது" என்றேன். இதை ரேகாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சுவரைப் பார்த்துச் சொன்னேன். "மாமா இன்னைக்கு ஆறு மணிக் கூட்டத்துல ரேகாவப் பத்திப் பேசப் போறாரு. குழந்தை இல்லாததப் பத்தி."

ரேகா முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டிக்கொண்டேயிருந்தாள்.

"பேசட்டும். ஊருக்குத் தெரியாததா?" என்றாள் கடைசியில். குரல் பாதியில் உடைந்தது.

அக்கா இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

"அது என் பேர்ல போட்ட மேடை. என் மேடையில இவளப் பத்தி ஒருத்தன் வாயத் தொறக்கறதா?" கொடியிலிருந்து புடவையை உருவினாள். "சுவாதி, பஸ் எப்படா?"

"அம்மா, அப்பா ஆளுங்களோட இருப்பாரும்மா."

"இருக்கட்டும். அன்னைக்குப் பைய எடுத்துக்கிட்டு வெளிய வந்தேன். இன்னைக்குப் பைய எடுத்துக்கிட்டு உள்ள போறேன். என்னை மேடைய விட்டு எறக்க உங்கப்பனால ஆவாது."

ரேகா அவள் கையைப் பிடித்தாள்.

எனக்குள் ஒரு நப்பாசை முளைத்தது. அக்கா வருகிறாள். இல்லையென்று சொன்ன மைக்கை அவளுக்காக நானே கட்டிவிடலாம். எல்லாம் சரியாகிவிடும் போலிருந்தது.

"நானும் மேடையேறறேன்கா. உன் மேடையிலயே. கட்சியில நீக்கினா நீக்கட்டும். மன்னிப்புக் கேக்கறேன். கேட்டா சரியாப் போயிடும்ல?"

காலையிலிருந்து நான் கேட்ட கேள்விகளுக்கு இட்லியும் டீயும் தண்ணீரும்தான் கிடைத்திருந்தன. அக்கா இப்போது முதல் தடவையாக நேராக என்னைப் பார்த்தாள்.

"போவாது" என்றாள்.

"அக்கா..."

"சரியாப் போவாது சடையா. நாளைக்கும் போவாது. உன்னைப் பாக்கறப்பல்லாம் அந்தச் சிரிப்புதான் என் காதுல கேக்கும். ஆனா நீ வரணும். வந்து, அடிச்சது யாருன்னு சொல்லிட்டு, நேத்து நீ பேசினது தப்புன்னு சொல்லிட்டு எறங்கணும். ஒருத்தன்கூடச் சிரிக்காத மாதிரிப் பேசணும்."